தண்ணீர் மட்டும் குடித்த வரிசை

நீர்மாலைக் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்தபோதுதான் தமிழ்வாணிக்கு அந்த இரண்டு வரிசைகளும் கண்ணில் பட்டன. நேற்று மாரடைப்பில் போன அப்பாவைக் குளிப்பாட்ட, அவருடைய கொட்டாம்பட்டி நர்சரி போர்வெல்லிலேயே தண்ணீர் எடுக்க வந்திருந்தார்கள்.

மூன்று வயது சைப்ரஸ் கன்றுகள், வரிசைக்குப் பத்து. தானாகப் பூக்கப் பல வருஷம் ஆகும். ஜிப்ரெலின் என்ற பயிர் ஊக்கி மருந்தைத் தெளித்தால் சின்ன வயதிலேயே பூக்கும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. வலது வரிசைக்கு மருந்து, இடது வரிசைக்கு வெறும் தண்ணீர். தெளித்தவர் அப்பா பேச்சிமுத்து. கம்பத்துத் திராட்சைத் தோட்டங்களில் அதே மருந்தை அடித்துப் பழகிய கை.

போன வருஷம் இருபதும் பூத்தன. "எல்லாமே பூத்தா, மருந்தாலதான்னு எப்படிம்மா சொல்லுவ?" என்று ஆராய்ச்சிக் கைடு திருப்பி அனுப்பிவிட்டார். அவள் ஊருக்கு வந்து விசாரித்தால், இடது வரிசைக்கும் மருந்தடித்திருந்த அப்பா தலையைச் சொறிந்தார்.

"அதுகளும் பிள்ளைகதானத்தா. அதுகளை மட்டும் பட்டினி போட மனசு வரல."

மூன்று நாள் அவள் பேசவில்லை. பிறகு புதுக் கன்றுகள் வைத்தார்கள். இதுவும் கெட்டால் இன்னொரு வருஷம் கிடையாது. இந்த முறை இடது வரிசைக்கு மருந்தைக் காட்டவே மாட்டேன் என்று அப்பா சத்தியம் செய்தார். அவள் அரைமனதாகத்தான் நம்பினாள்.

"வாணி, நிக்காத. சங்கு ஊதியாச்சு" என்றார் சித்தப்பா சிவபாண்டி.

"இந்தா வாரேன் சித்தப்பா."

குடத்தோடு நடந்தாள். வலது வரிசையில் நுனிக்கு நுனி குட்டி மஞ்சள் மொட்டுகள். ஈரக்கை பட்டதும் மகரந்தம் புகையாகக் கிளம்பியது. பத்தும் பூத்திருந்தன. இடது பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. ஒவ்வொரு கன்றாகக் கிளையை விலக்கிப் பார்த்தாள். பத்தாவது வரைக்கும் வெறும் பச்சை.

மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். தினம் அதுகள் முன்னால் நின்று எப்படித்தான் மனசைக் கட்டிப்போட்டாரோ. குடம் தளும்ப அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. வழியெல்லாம் அழுதாள், யாரும் அதை வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வாய்க்கரிசி போடும்போது சித்தப்பா அவள் விரல்களைப் பார்த்தார்.

"கையெல்லாம் மஞ்சளா இருக்கு. கழுவிட்டு வாத்தா."

"இருக்கட்டும் சித்தப்பா."

குனிந்து அப்பாவின் காதருகே சொன்னாள்: "இடது வரிசையில ஒண்ணுகூடப் பூக்கலப்பா."

மஞ்சள் ஒட்டிய அரிசி அவர் உதட்டில் விழுந்தது.