கீழே வராத கேட்ச்

ஸ்கார்வெல் மைதானத்தில் நடந்த மூன்றாவது டெஸ்டின் ஐந்தாம் நாள், மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, இங்கிலாந்தின் லம்லி தூக்கி அடித்த பந்து மேலே போயிற்று, கீழே வரவில்லை. அது தொடரின் கடைசி டெஸ்ட். இரண்டு அணிகளும் ஆளுக்கொன்று ஜெயித்திருந்தன. இங்கிலாந்துக்கு இன்னும் நாலு ஓட்டம் வேண்டும், கையில் ஒரே விக்கெட். பந்துக்கு நேர் கீழே, எல்லைக் கயிற்றிலிருந்து பதினைந்து கெஜம் உள்ளே, மேற்கிந்தியத் தீவுகளின் பன்னிரண்டாவது ஆள் டார்ன்லி போவெல், இரண்டு உள்ளங்கைகளையும் கிண்ணம்போல் சேர்த்துக்கொண்டு அண்ணாந்து நின்றான். வேகப்பந்து வீச்சாளர் ஒருவருக்குத் தொடையில் சதை பிடித்துக்கொண்டதால், அரைமணி நேரத்துக்கு மட்டும் என்று சொல்லி இறக்கப்பட்டவன் அவன். சுற்றுப்பயணம் முழுக்க அவன் செய்த வேலை, களத்துக்குள் தண்ணீரும் துண்டும் கொண்டுபோனதுதான்.

லம்லியும் கூட்டாளியும் ஓடினார்கள். நாலு ஓட்டம் முடிந்தது, பத்து முடிந்தது, நாற்பத்தாறாவது ஓட்டத்தில் கூட்டாளி புல்லில் படுத்துவிட்டார். அம்பயர் கிரிம்ஷா இரண்டு தலைவர்களையும் கூப்பிட்டு விதியை விளக்கினார். பந்து கையில் விழுந்தால் லம்லி அவுட், ஓடியதெல்லாம் செல்லாது, டெஸ்டும் தொடரும் மேற்கிந்தியத் தீவுகளுக்கு. தரையில் விழுந்தால் எல்லாம் இங்கிலாந்துக்கு. ஆகாயத்தில் இருக்கும்வரை பந்து ஆட்டத்தில் இருக்கிறது, ஆட்டம் முடியவில்லை. லண்டனிலிருந்த கிரிக்கெட் கமிட்டிக்குத் தந்தி போயிற்று. பந்து இவ்வளவு நேரத்துக்குள் கீழே வர வேண்டும் என்று விதிப்புத்தகத்தில் எங்கும் இல்லை, ஆகவே காத்திருக்கவும் என்று பதில் வந்தது. பதினாறு நாள் காத்திருந்தார்கள். பதினேழாம் நாள் கப்பல் கிளம்பியது. தீவுக்காரர்கள் பத்துப் பேரும், தொடையைப் பிடித்துக்கொண்டு அந்த வேகப்பந்து வீச்சாளரும் ஊருக்குப் போனார்கள். டார்ன்லி நின்றான்.

பார்படோஸின் ஓய்ஸ்டின்ஸ் மீன்சந்தையில் பறக்கும் மீன் அறுத்து விற்றுக்கொண்டிருந்த அவன் மனைவி ஐயாந்திக்கு இதெல்லாம் ரம் கடைக் கம்பி வானொலியில்தான் தெரியவந்தது. முதல் நாள் கடை மொத்தமும் மூச்சுவிடாமல் கேட்டது. மறுநாள் வர்ணனையாளர் "இன்னும் மேலேதான் இருக்கிறது" என்றார். நாலாம் நாள் அவரும் தட்பவெப்பம் பேசத் தொடங்கிவிட்டார். ரம் கடைக்காரன் ஹோல்டர் தினமும் அவளைச் சீண்டினான். "ஐயாந்தி, ஊர்ல அத்தனை பேர் இருக்க, உன் புருஷன் தலைக்கு மேலயா போகணும் அது? கல்யாணத்தன்னைக்கு மோதிரத்தையே கீழ விட்டவனாச்சே!"

"விட்டாரு. குனிஞ்சு எடுத்தும் போட்டாரு. உன் பொண்டாட்டிக்கு நீ இன்னும் ஒரு மோதிரம்கூட போடல" என்று அவள் சொன்னாள். சொன்னாளே தவிர, ஹோல்டர் சொன்னது பொய்யில்லை. டார்ன்லி நல்ல மட்டைக்காரன். ஆனால் அவன் கைக்கு வந்த கேட்சில் பாதி நழுவிப்போகும் என்பது அந்தத் தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கப்பல் வந்த அன்று அணி மேலாளர் ஸ்கீட் நேராகச் சந்தைக்கே வந்து, மடித்த கோட்டு ஒன்றை அவளிடம் நீட்டினார். மெரூன் நிறம், மார்பில் பனைமரச் சின்னம்.

"ஆள் எங்கங்க ஐயா?"

"நிக்கிறாரும்மா. தேசத்துக்காக நிக்கிறாரு."

"பிடிச்சா பேப்பர்ல அவர் பேர் வருமா?"

ஸ்கீட் தொண்டையைச் செருமினார். மாற்று ஆள் பிடிக்கும் கேட்சுக்கு ஸ்கோர் புத்தகத்தில் பெயர் எழுதுவதில்லை, 'மாற்று ஆள்' என்று மட்டும் எழுதுவார்கள், அதுதான் வழக்கம் என்றார்.

"பேரில்லாத வேலைக்கா என் புருஷனை அங்க நட்டுவெச்சுட்டு வந்தீங்க?" ஐயாந்தி கேட்டதில் சந்தையே திரும்பிப் பார்த்தது. மீன் செதிள் ஒட்டிய கையாலேயே கோட்டை வாங்கி உதறிக் கம்பியில் மாட்டினாள். கிறிஸ்துமஸ் வரை பார்த்தாள். ஈஸ்டர் வரை பார்த்தாள். வானொலி அந்தச் செய்தியை வாசிப்பதையே நிறுத்திவிட்ட வாரம், வீட்டைப் பூட்டிச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள்.

ஸ்கார்வெல்லில் அவள் இறங்கியபோது மழை. அந்த ஊரில் மழை நிற்பதுதான் விசேஷம். ஆலைப் புகைபோக்கிகளுக்கு நடுவே, ஆளில்லாத மைதானத்தின் ஓரத்தில், அவன் அதே இடத்தில் அண்ணாந்து நின்றான். குளிர்காலத்தில் முழங்கால்வரை பனி மூடியிருந்ததாகவும், ஊர்க்காரர்கள் கரி அடுப்பு கொண்டுவந்து வைத்ததாகவும், அவன் கண்ணைத் திறந்தபடியே தூங்கப் பழகிவிட்டதாகவும் கிரிம்ஷா சொன்னார். ஆட்டம் முடியாததால் அவரும் ஞாயிறு தவிர எல்லா நாளும் பதினொன்றரைக்கு வெள்ளைக் கோட்டுடன் வந்து, "ஆடலாம்" என்று சொல்லிவிட்டு, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேலே, மிளகு அளவில், பந்து இருந்தது.

"டார்ன்லி."

"ஐயாந்தியா? பக்கத்துல வராத, மறைக்கும்."

ஒன்பது மாதம் கழித்துப் பார்க்கிற மனைவியிடம் சொல்ல அவனுக்குக் கிடைத்த வார்த்தை அதுதான். அவள் பையைக் கீழே போட்டாள். அரைமணி நேரம் திட்டினாள். அவனைத் திட்டினாள், லம்லியைத் திட்டினாள், பன்னிரண்டாவது ஆள் என்று ஒருவனை வைத்துக்கொள்ளலாம் என்று முதன்முதலில் யோசித்தவனைத் திட்டினாள். கடைசியில் அண்ணாந்து பந்தையே திட்டினாள். பிறகு அவன் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்து, குடையை விரித்தாள். "குடை வேணாம், மறைக்கும்" என்றான் அவன்.

ஒரு வாரத்தில் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று வந்தவள் தங்கிப்போனாள். மைதானத்துச் சிற்றுண்டிச் சாலையில் வேலை கிடைத்தது. அவள் பொரித்த மீனுக்காகவே ஆலைத் தொழிலாளர்கள் வரத் தொடங்கினார்கள். மதியம் ஒரு தட்டில் மீனும், மக்காச்சோள மாவில் கிண்டிய கூகூவும் கொண்டுபோய் அவன் வாயில் ஊட்டுவாள். முள்ளை அவளே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவன் தட்டைப் பார்க்கமாட்டான். உள்ளூர் அணிகள் அவனைச் சுற்றி ஆடிப் பழகின. தங்கள் பந்து அவன்மேல் பட்டால் இரண்டு ஓட்டம் என்று ஒரு தனி விதியும் எழுதினார்கள். லம்லி சனிக்கிழமை தோறும் கால்காப்புகளைக் கட்டிக்கொண்டு வந்து வேலியோரம் நிற்பார். "என் பேருக்கு நேரா பேப்பர்காரன் ஒண்ணும் போடறதில்லைம்மா. அவுட்னும் இல்ல, அவுட் இல்லைனும் இல்ல. பள்ளிக்கூடத்துப் பசங்க என்னைக் கண்டா மேல பாக்குறானுங்க" என்று அவர் ஒருநாள் ஐயாந்தியிடம் புலம்பினார். அவள் அவருக்கும் ஒரு தட்டு மீன் வைத்தாள்.

அடுத்த ஜனவரியில் அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. கண்ணை எடுக்காமல் நிற்கிறவனுக்குப் பிள்ளை எப்படி என்று ஊரில் சிலர் கேட்டார்கள். ஐயாந்தி கரண்டியைக் காட்டியதும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். பிள்ளைக்கு மெர்ல் என்று பெயர் வைத்தார்கள். அப்பனிடம் கொடுத்தால் இடக்கையால் வாங்கித் தோளில் சாய்த்துக்கொள்வான். தலையைத் தடவி, மூக்கைத் தொட்டு, விரல்களை எண்ணிப் பார்ப்பான். முகத்தை மட்டும் பார்க்கமாட்டான். மெர்ல் நடக்கக் கற்றாள். பேசக் கற்றாள். அப்பா என்றால் ஒரு தாடை, அதற்குக் கீழே ஒரு கழுத்து என்றே அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது ஆண்டு ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மெர்ல் மைதானத்தைச் சமப்படுத்தும் உருளையில் இடித்துக்கொண்டு நெற்றி வீங்கி அழுதபடி அவனிடம் ஓடினாள். "அப்பா, பாரு" என்றாள். "பாரு, பாரு" என்று கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவன் விரலால் வீக்கத்தைத் தொட்டு, "சின்னதுதான் கண்ணு" என்றான், மேலே பார்த்தபடி. சிற்றுண்டிச் சாலை வாசலிலிருந்து இதைப் பார்த்த ஐயாந்திக்கு மூன்று வருஷமாகப் பல்லைக் கடித்துப் பொறுத்ததெல்லாம் ஒரே மூச்சில் பொங்கியது. நேராக வந்தாள். இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் ஓங்கித் தள்ளினாள். டார்ன்லி மூன்று அடி பின்னால் போய் நின்றான்.

"அம்மா" என்றார் கிரிம்ஷா நாற்காலியிலிருந்து. "பந்து நகர்ந்துருக்கு."

"என்னது?"

"காலையில ஆலைப் புகைபோக்கிக்கு நேரா இருந்தது. இப்ப மூணு அடி இந்தப் பக்கம்."

ஐயாந்தி அவன் இடுப்புப் பட்டையைப் பிடித்துப் பத்து அடி இடப்பக்கம் இழுத்தாள். பந்தும் பத்து அடி வந்தது. வலப்பக்கம் இழுத்தாள். கன்றுக்குட்டி மாதிரி அதுவும் கூடவே வந்தது.

"மூணு வருஷம்!" அவள் குரல் பிசிறியது. "ஒரு எட்டு வெச்சுப் பாக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையா மனுசா?"

"தோணுச்சு."

"எப்ப?"

"முதல் வாரமே. பூச்சி கடிச்சுது, நகர்ந்தேன். அதுவும் நகர்ந்துச்சு."

கிரிம்ஷா எழுந்து, கௌரவமாகக் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றுகொண்டார். ஐயாந்தி மெர்லை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். டார்ன்லி அண்ணாந்தபடியே பேசினான். 

"அது மேல போச்சு பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு. நான் விட்டுருவேன்னு. அங்க நம்மூர்ல அத்தனை ரம் கடையிலயும் கேட்டுட்டிருக்காங்க. சாமி, இது கீழ வரவேணாம்னு வேண்டிக்கிட்டேன். வேற எதையும் நான் இப்படி வேண்டினதில்ல. வேண்டின மாதிரியே ஆயிப்போச்சு. நிக்காம என்ன பண்றது?"

 திட்டுவதற்கு வார்த்தை தேடினாள். எல்லாம் ஏற்கெனவே செலவாகியிருந்தன. கடைசியில், "வியாழக்கிழமை கப்பல் இருக்கு. நானும் பிள்ளையும் போறோம்" என்றாள். அவன் கையைப் பிடித்து எல்லைக் கயிற்றை நோக்கி நடந்தாள். கையை இறுக்கவில்லை, வேண்டுமானால் அவன் உருவிக்கொள்ளட்டும் என்பதுபோலத்தான் பிடித்திருந்தாள். அவன் தலையைத் தாழ்த்தாமல், குருடனைப்போலக் காலால் புல்லைத் தடவித் தடவிக் கூடவே வந்தான். வேலியருகே மீன் தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டைக் கீழே வைத்தார்கள். கிரிம்ஷா கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

கால் கட்டைவிரலில் கயிறு இடித்ததும் டார்ன்லி நின்றான்.

"இதுதானே?"

"இதுதான்."

"தாண்டினா பந்தும் தாண்டிரும். சிக்ஸர்."

"தெரியும்."

"அத்தனை தீவுக்காரனும் என்னை உப்புக்கண்டம் போட்டுருவான்."

"போடட்டும். மீன் அறுக்குற கத்தி என்கிட்டதான் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. "ஐயாந்தி, ஒண்ணு கேக்குறேன். எனக்காகன்னு பொய் சொல்லாத. இது கீழ வந்தா, நான் பிடிச்சிருவேனா?"

அவள் பிடியை விட்டதும், அவன் இரண்டு கைகளும் பழக்கத்தில் மறுபடி கிண்ணமாகச் சேர்ந்துகொண்டதைப் பார்த்தாள். மூன்று வருஷமாகப் பெரும்பாலும் சேர்ந்தே இருந்ததில் விரல்கள் அந்த வளைவிலேயே உறைந்திருந்தன. கட்டைவிரல்களுக்கு நடுவே அப்போதும் ஓர் இடைவெளி இருந்தது.

"மாட்ட" என்றாள். "விட்டுருவ."

டார்ன்லி போவெல் ஸ்கார்வெல்லுக்கு வந்த பிறகு அன்றுதான் சத்தமாகச் சிரித்தான். தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியவன்போல மூச்சை விட்டுவிட்டு, வலது காலைத் தூக்கிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தான். பிறகு இடது காலையும். கிரிம்ஷா அண்ணாந்து பார்த்து, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் உயர்த்தினார். ஸ்டம்புகளின் மேலிருந்த கட்டைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "ஆட்டம் முடிந்தது" என்றார். டெஸ்டும் தொடரும் இங்கிலாந்துக்குப் போயின. செய்தி கேட்டு லம்லி வீட்டிலிருந்து ஓடிவந்து, யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாமல் கிரிம்ஷாவைக் கட்டிப்பிடித்தார்.

டார்ன்லி மெதுவாகத் தலையைத் தாழ்த்தினான். கழுத்தில் நெட்டி முறிந்த சத்தம் வேலிவரை கேட்டது. ஐயாந்தியின் இடுப்பில், நெற்றி வீங்கிய ஒரு பெண் பிள்ளை பொரித்த மீனைச் சப்பிக்கொண்டு அவனை முறைத்துப் பார்த்தது.

"என்ன இவ, எங்கக்கா மாதிரியே இருக்கா?" என்றான்.

"மூக்கு மட்டும்தான்" என்றாள் ஐயாந்தி. "நட."

பார்படோஸில் அவர்களை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. ஸ்கீட் வீட்டுக்கே வந்து கோட்டைத் திரும்பக் கேட்டார். ஐயாந்தி அதை மெர்லுக்குப் போர்வையாக வெட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டாள். உண்மையில் அதன் பிறகுதான் வெட்டினாள். ஹோல்டர் ஒரு வருஷம் டார்ன்லிக்கு ரம் ஊற்ற மறுத்தான். மறு வருஷம் ஊற்றினான், ஆனால் கோப்பையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தான். பந்து அப்போதும் கீழே வராமல், அவனோடு கடல் தாண்டி வந்து, ஓய்ஸ்டின்ஸுக்கு மேல், மிளகு அளவில் நின்றது. தொடர் முடிந்துவிட்டதால் அதைப் பற்றிச் சொல்ல லண்டன் கமிட்டிக்கு ஒன்றும் இருக்கவில்லை. மீனவர்கள் கடலிலிருந்து திரும்பும்போது அதைப் பார்த்துப் படகைத் திருப்பினார்கள். டார்ன்லி ஐயாந்தியின் அண்ணன் வீட்டுக்குப் போகிற நாட்களில் மட்டும், கரைக்கு வர நேரமாகிறது என்று அவர்கள் குறை சொன்னார்கள். அதனால் அவன் மதியம் மூன்றிலிருந்து ஐந்துவரை வெளியே எங்கும் போகாமல் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வலை பழுது பார்த்தான். ஐயாந்தி துணி காயப்போடும்போது, பொத்தான் அளவுக்கு ஒரு நிழல் விரிப்பின்மேல் விழும். அவள் மேலே பார்ப்பதில்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்பாள்.

அவன் தள்ளி உட்காருவான்.