காயாத பெட்டி

என் மாமனார் சாவதற்கு நான்தான் தடையாக இருக்கிறேன் என்று தெருவே பேசியது.

டாக்டர் கையை விரித்த அன்றே மாமா தனக்கு ஒரு சவப்பெட்டி தயார் செய்யச் சொல்லிவிட்டார். நான் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவன். மாமனார் பெட்டியை வெளியாளிடம் கொடுத்தால் என் மானம் என்னாவது? வெறும் மரப்பெட்டியாக வாங்கிவந்து, கூடத்தில் இரண்டு முக்காலிகள் மேல் வைத்து வார்னிஷ் அடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. மாமா கட்டிலிலிருந்து எழுந்துவந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன மாப்ள, பீரோ மாதிரி மினுக்குது? மடிச்சு வைக்க நான் என்ன துணியா? எண்ணெய் போடுங்க."

வார்னிஷ் மேல் எண்ணெயைப் போட்டால் மரம் எப்படிக் குடிக்கும்? வாயைத் தைத்துவிட்டுச் சோறு ஊட்டுகிற கதைதான். சொன்னேன், கேட்டால்தானே! கடைசி ஆசை என்று என் மனைவி கண்ணைக் கசக்கினாள். மரத்துக்குப் போடும் லின்சீட் எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். அது காயவே இல்லை.

"இதுல எப்படிப் படுக்கிறது? வெள்ளைச் சட்டை பாழாயிடும். காயட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மாமா சாவைத் தள்ளிவைத்துவிட்டார்.

தினமும் பல் துலக்கியதும் கட்டைவிரலால் மூடியை அழுத்துவார். ரேகை பதியும். "இன்னும் ஒட்டுது" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு டீ கேட்பார். கடைசியாக முகம் பார்க்க வந்த உறவுக்காரர்கள் முதலில் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மாமாவிடம் போனார்கள். ஓர் அத்தை அதன்மேல் செய்தித்தாளை வைத்துத் தொலைத்தாள். பிய்த்து எடுத்தபோது 'வீடு வாடகைக்கு' என்ற விளம்பரம் இடவலம் மாறி மூடியிலேயே தங்கிவிட்டது. டாக்டர் மாமாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், பெட்டியையும் தொட்டுப் பார்த்தார், "இப்படியே போகட்டும்" என்றார்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், என்னைத் தவிர. எனக்குத் தொழில் மானம் போய்க்கொண்டிருந்தது. பெயிண்ட் கடைக்காரன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன பாலிஷ்காரரே, பெட்டி உங்க காலத்துல காயுமா, இல்ல உங்க பேரன் காலத்துலயா?" என்பான். ரத்தம் கொதித்தது.

மனைவி மாமாவை டாக்டரிடம் அழைத்துப்போன ஒரு நாள், வைராக்கியமாக உட்கார்ந்தேன். டர்பன்டைனும் இரும்புப் பஞ்சும் போட்டு அந்தப் பிசுக்கு முழுவதையும் வழித்து எடுத்தேன். ஃபேன் காற்றில் உலரவிட்டேன். பிறகு துணிப்பந்தில் அரக்கு பாலிஷைத் தொட்டு மெல்லிசாக இழுத்தேன். அரக்கு எதன்மேலும் பிடிக்கும், உடனே காயும். பிடித்தது, காய்ந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா, இப்ப தொட்டுப் பாருங்க!" என்று அவர்கள் உள்ளே நுழையும்போதே கத்தினேன்.

மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது.

மாமா கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். ரேகை இல்லை. இன்னொரு கையின் விரலாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காஞ்சிடுச்சு" என்றார். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே, "நல்ல வேலை மாப்ள" என்றார்.

அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. கேட்கவே பயமாக இருந்தது.

"இல்ல மாமா, அவசரத்துல அரைகுறையா செஞ்சுட்டேன்" என்றேன். "மூலையெல்லாம் வெளுத்துக் கிடக்கு பாருங்க. இன்னொரு கோட்டு எண்ணெய் போட்டாத்தான் சரிவரும்."

மூலையில் ஒரு குறையும் இல்லை. மாமா எழுந்துவந்து, குனிந்து, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார்.

"ஆமா, வெளுத்துத்தான் இருக்கு" என்றார்.

மனைவி ஓடிப்போய் எண்ணெய் டின்னைக் கொண்டுவந்தாள். அழுதுகொண்டே டின் மூடியைத் திறந்தாள். நான் துணியின் நுனியை லேசாக நனைத்தேன்.

மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். "கஞ்சத்தனம் பண்ணாதீங்க மாப்ள. நல்லா ஊத்துங்க."