இருநூறு வாசல் உள்ள நிலையம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பயணத்திட்டமாகத்தான் பிறந்தது. ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் யோகராணி அக்கா, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கையில் ஒரு போத்தல் மிளகாய்த்தூளோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

“தாரிணி, நீங்கள் போன வருசம் டோக்கியோ போய் வந்தனீங்கள். கதையும் எழுதுவீங்கள். எனக்கு ஒரு பிளான் எழுதித் தாங்கோ.”

கதை எழுதுகிறவளிடம் பயணத்திட்டம் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் ஆள் சரியாகத்தான் வந்திருக்கிறார். இரண்டிலுமே, இன்னும் நடக்காத ஒன்றை நடக்கும் என்று நம்பவைக்க வேண்டும். ‘முதல் நாள், காலை: அசகுசா கோயில்’ என்று எழுதினேன். இந்தக் கதையின் முதல் வாக்கியம் அதுதான். இப்போது அது கதையில் இல்லை.

2

வேறு தொடக்கங்களும் முயன்றேன்.

‘டோக்கியோ மாநகரம் யோகராணியை நெடுநாளாக’ — என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அடித்துவிட்டேன்.

‘யோகராணிக்கு வயது நாற்பத்தைந்து. ஊர் யாழ்ப்பாணம். மனுகாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. கணவன் மகேசன், ஒரே மகள் லக்ஷிகா’ — ரேஷன் கார்டு படிப்பது போல இருக்கிறது. ஆனாலும் உங்களுக்குத் தேவைப்படும், இருக்கட்டும்.

[நேரில் நான் அவரை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். கதைக்குள் மட்டும் ‘அவள்’. அக்கா படித்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.]

விஷயம் இதுதான். லக்ஷிகா படிப்பு முடித்து வேலைக்குப் போன கையோடு, அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு டோக்கியோ போக மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள். இதற்கு முன்பும் ஒருமுறை மூவரும் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டுக்குப் போகக் கிளம்பினார்கள். ஆக்லாந்து விமான நிலையத்தில், பாஸ்போர்ட் பார்க்கிற வரிசையில் பாதி தூரம் போன யோகராணி, தலை சுற்றுகிறது என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள். மற்ற இருவரும் பெட்டிகளோடு பின்னால் வந்தார்கள். இந்தத் தடவையும் அப்படித் திரும்பினால் தனியாகப் போவேன், இனி ஒருநாளும் கூப்பிட மாட்டேன் என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னதை, யோகராணி தமிழில் எனக்குச் சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

3

திட்டம் போட அவள் வீட்டில் உட்கார்ந்தோம். நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்று கேட்க.

“அசகுசா கோயில். வாசல்ல பெரிய சிவப்பு விளக்கு தொங்கும். ரெண்டு பக்கமும் கடை, நடுவுல நடந்து போகணும்.”

“நடுவில சனம் நெருக்கினா எங்காலை வெளியில வாறது?”

“ஸ்கைட்ரீ கோபுரம். மேல ஏறினா ஊரே தெரியும்.”

“இறங்கிறதுக்கு லிஃப்ட் மட்டுமோ?”

டீ கொண்டு வந்த மகேசன் அண்ணா தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்: “தாரிணி, உமக்கு இது புதுசு. இவ கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதல்ல கதவைத்தான் பாப்பா. பொம்பிளை மாப்பிள்ளை எல்லாம் பிறகுதான்.”

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. இவளை நான் ரொம்பப் பயந்தவளாக எழுதுகிறேனோ? மனுகாவ் மாலில், எந்த நெரிசலிலும் ஒரே திருப்பில் காரை நிறுத்துகிறவள் இவள். கோயில் அன்னதானத்தில் முந்தி நுழைகிற பெரிய மனிதர்களைப் பிடித்து வரிசையின் வாலில் கொண்டு விடுகிறவளும் இவளேதான். மற்றவர்களை வரிசையில் நிறுத்தத் தெரிந்தவளால், தான் நிற்கத்தான் முடியவில்லை.

4

ஷிபுயா நாற்சந்தியின் வீடியோவை என் போனில் போட்டுக் காட்டினேன். விளக்கு மாறியதும் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான பேர் தெருவில் இறங்கி, குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து போவார்கள். பார்த்ததும் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் போனை வாங்கி, மறுபடி போட்டாள். மறுபடியும்.

“ஒருத்தரும் ஓடேல்லை,” என்றாள்.

“ஆமாக்கா.”

“ஒருத்தற்றை தலையிலையும் மூட்டை இல்லை. பாருங்கோ, இந்தப் பிள்ளை ஐஸ்கிரீம் குடிச்சுக்கொண்டு நடக்குது.” வீடியோவை நிறுத்தினாள். “இவ்வளவு சனம் பயமில்லாமல் நடக்கிறதை நான் இப்பதான் பாக்கிறன்.”

அதே வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அந்தத் தெருவில் நானே நின்று படமும் எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தது கூட்டம் மட்டும்தான். பயம் இல்லாததும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. தொண்ணூற்றைந்தில், போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே ஒரே தெரு வழியாக வெளியேறிய இரவு, மழை, பாலம், அந்தக் கூட்டத்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அக்கா அதை எனக்குச் சொன்னதில்லை. மகேசன் அண்ணா ஒரே வரியில் சொன்னது அது. மதுரையில் வளர்ந்த எனக்கு அந்த மழையை வர்ணிக்க என்ன உரிமை? எடுத்துவிட்டேன்.]

5

எச்சரிக்கையாக இருக்கட்டுமே என்றுதான் அடுத்ததைச் சொன்னேன். “ஷின்ஜுகு ஸ்டேஷன்ல மட்டும் ஜாக்கிரதை. வெளிய போற வழியே இருநூறுக்கு மேல. நான் தப்பான வாசல்ல வெளிய வந்து ஒரு மணி நேரம் சுத்தினேன்.”

யோகராணி கப்பைக் கீழே வைத்தாள்.

“இருநூறோ?”

“ஆமா.”

“எல்லாம் திறந்திருக்குமோ?”

சுற்றுலாப் போகிற யாரும் இதுவரை என்னிடம் கேட்காத கேள்வி. ராத்திரி ரயில் நின்றபிறகு மூடுவார்கள், மற்ற நேரமெல்லாம் திறந்திருக்கும் என்றேன். யோகராணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோபுரத்துக்கும் கோயிலுக்கும் மலராத முகம் அப்படி விரிந்தது. மனுஷர் போய்வர இருநூறு வழி வைத்துக் கட்டியிருக்கிறார்களே, அந்தப் புண்ணியவான்களை முதலில் பார்க்க வேண்டும் என்றாள்.

அன்றிரவே வீட்டில் அறிவித்தாள்: முதல் நாள், முதல் இடம், ஷின்ஜுகு ஸ்டேஷன்.

“அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்டேஷன்!” என்றாளாம் லக்ஷிகா.

“ஓம். அதைத்தான் பாக்கப் போறம்.”

6

(அடிக்குறிப்பு போல ஒன்று. கிளம்புவதற்கு முந்தின நாள், அம்மாவின் கைப்பை ஏன் இப்படிக் கனக்கிறது என்று லக்ஷிகா திறந்து பார்த்தாள். உள்ளே குடும்பத்தின் அத்தனை பிறப்புச் சான்றிதழும், கல்யாணப் பதிவுப் பத்திரமும், ஊர்க் காணியின் உறுதிப் பத்திரமும், மகளின் பாலர் பள்ளிச் சான்றிதழும். “ஹொலிடேக்கு ஆரப்பா காணி உறுதி கொண்டு போறது?” என்று மகேசன் அண்ணா தலையில் கைவைத்தார். யோகராணி இதுவரை ஊர்விட்டு ஊர் போனதெல்லாம் திரும்பி வராத பயணங்கள்தான். திரும்பி வருகிற டிக்கெட்டோடு எப்படிப் பெட்டி கட்டுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.)

7

இப்போது முடிவு. கைவசம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: யோகராணி அதே வரிசையில் பாதி தூரம் போய்த் திரும்புகிறாள். லக்ஷிகா இந்த முறை பின்னால் வரவில்லை.

இரண்டு: ஷின்ஜுகுவில் ஒரு வாசல் வழியாக வெளியே வந்து, பக்கத்து வாசல் வழியாக உள்ளே போய், அடுத்ததில் மறுபடி வெளியே வருகிறாள். மூன்றாவது தடவைக்குள் லக்ஷிகாவும் சிரித்துக்கொண்டே கூட —

இதை முடிக்க முடியவில்லை. ஆசைப்பட்டு எழுதுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். இன்று காலை நான்தான் மூவரையும் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். உள்ளே, கயிறு கட்டிய வரிசை வளைந்து வளைந்து நின்றது. யோகராணி அதைப் பார்த்தாள். பிறகு, வழக்கம்போல, கதவுகளைப் பார்த்தாள். லக்ஷிகா அம்மாவைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போனின் திரை அணைந்திருந்தது.

யோகராணி கைப்பையைத் திறந்து, அந்தப் பத்திரக் கட்டை அப்படியே எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“வைச்சிருங்கோ, தாரிணி. வந்து வாங்கிறன்.”

முப்பது வருடமாகச் சேர்த்துச் சேர்த்துக் கைவிடாமல் வைத்திருந்த கட்டு. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். மகேசன் அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டார். லக்ஷிகா போனைப் பையில் போட்டுவிட்டு அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். வரிசை ஓரடி நகர்ந்தது, அவர்களும் நகர்ந்தார்கள்.

அதற்குமேல் நான் பார்க்கவில்லை. நின்றிருக்கலாம். ஆனால் அவள் திரும்பிப் பார்த்தால் என் முகம் அவளுக்கு இன்னொரு கதவாகிவிடும் என்று தோன்றியது. வந்துவிட்டேன்.

கட்டு இப்போது என் மேசையில், நான் எழுதுகிற தாளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் அதைப் பிரிக்கவில்லை. யோகராணி எந்த முடிவு வழியாக வெளியே வருவாள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் திறந்தே இருக்கின்றன. எந்த முடிவாக இருந்தாலும் அக்கா இந்த வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, “தாரிணி, என்ரை கடதாசியளைத் தாங்கோ” என்று கேட்பார். அதை மட்டும் அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.