ஆழமான பக்கத்தில் நிற்பவள்

நீச்சல் குளத்தைக் காலி செய்து பழுது பார்க்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பை நூலக வாசலில் படித்த அன்று, தையல்காரம்மா ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்துவிட்டாள். முப்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு கூத்து நடந்ததே இல்லை. பிரித்துத் தைக்க உட்கார்ந்தால் ஊசியில் நூல் ஏறவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று அவளுக்குத் தெரியும். வெளியே சொன்னால்தான் சிரிப்பார்கள்.

அவள் புருஷன் டைல்ஸ் போடுகிறவர். போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. நகரத்துக்கு வெளியே வெறும் மேடும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தில் இந்தக் குடியிருப்பு எழும்பியபோது, நூலகம், மருத்துவமனை, மார்க்கெட், பஸ் நிலையம், நீச்சல் குளம் என்று எல்லாமே ஒரே மூச்சில் கட்டப்பட்டன. அத்தனைக்கும் தரை அவர் கைதான். வேலை முடியும்வரை இருவரும் தகரக் கொட்டகையில் குடியிருந்தார்கள். முடிந்ததும் இங்கேயே வீடு பார்த்துத் தங்கிவிட்டார்கள். அதெல்லாம் இருபத்திரண்டு வருஷத்துக் கதை.

மனிதருக்கு இரண்டு விஷயத்தில் பேர். முதலாவது, அவர் போட்ட தரையில் பொக்கை இருக்காது. டைலுக்கு அடியில் கலவை சரியாக நிரம்பாமல் காற்று தங்கிவிட்டால், தட்டும்போது டொக்கென்று வெறுமையாகக் கேட்கும். அதற்குப் பேர்தான் பொக்கை. அவரிடம் நுனியில் சின்ன இரும்புக் குண்டு வைத்த கம்பி ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போவார். எங்கே தட்டினாலும் கணீர் கணீர்தான். "நான் போட்ட தரையில ஒரு பொக்கை காட்டு, அன்னைக்கே கரண்டியைக் கீழ வச்சிடறேன்" என்று சவால் விடுவார். சவாலை ஏற்க யாரும் வந்ததில்லை.

இரண்டாவது, ரீல். வாயைத் திறந்தால் புளுகு. ஒருமுறை தூக்கத்திலேயே ஒரு படுக்கையறை முழுக்க டைல்ஸ் போட்டு முடித்தாராம். விழித்துப் பார்த்தால் மூலையில் ஒரே ஒரு டைல்தான் பாக்கியாம், அதையும் எழுந்து உட்கார்ந்து போட்டாராம். மார்க்கெட்டில் காய் வாங்குகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். தையல்காரம்மாவுக்கோ பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு எதையும் நாடா வைத்து அளந்து பார்த்தால்தான் நம்பிக்கை.

ரீல்களில் எல்லாம் பெரிய ரீல் அவளைப் பற்றியதுதான்.

"இந்த ஏரியாவுல எல்லா இடத்துலயும் நீதான் நிக்கிற. நீச்சல் குளத்துலகூட ஆழமான பக்கத்துல நிக்கிற."

"நானா? பன்னெண்டு அடி தண்ணியிலயா?" என்பாள். அவளுக்குத் தண்ணீர் என்றாலே குலைநடுக்கம். தலைக்கு ஊற்றும்போதும் கண்ணை மூடமாட்டாள். "நான் அந்தக் குளத்துல சுண்டுவிரல்கூட நனைச்சதில்ல. புளுகுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"தண்ணி வத்துற அன்னைக்குப் பாரு. அப்புறம் பேசு."

இதை வீட்டோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்கும் டீச்சரிடமும் போய்ச் சொன்னார். அவள் பாவம், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு முறை அடிவரை முங்கிப் பார்த்தாள். "அக்கா, அடியில நீலத் தரைதான் இருக்கு. ஒரு படம்கூட இல்ல" என்றாள். குடியிருப்பே சிரித்தது. தையல்காரம்மாவுக்கு மானம் போனது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எட்டு மாதத்துக்கு முன் நெஞ்சு வலி என்று மருத்துவமனையில் சேர்த்தபோதும் மனிதர் அடங்கவில்லை. ஜன்னலோரம் காற்றோட்டமான கட்டில் கொடுத்தார்கள். வேண்டாம் என்று அடம்பிடித்தார். கை கழுவும் தொட்டி பக்கத்தில், எப்போதும் ஈரமும் மருந்து நாற்றமுமாக இருக்கும் மூலைக் கட்டில்தான் வேண்டுமாம். நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தாள். மறுநாள் மத்தியானம் தையல்காரம்மா கட்டில் பக்கத்தில் நின்று தலையணையைச் சரிசெய்தபோது அவர் அவள் காலைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்கயும் நீதான் நிக்கிற, தெரியுமா?"

ராத்திரி முழுக்கக் கண் மூடாத களைப்பு அவளுக்கு. "இந்த நேரத்துலயும் ரீலா? உங்க வாயில என்னைக்காவது ஒரு உண்மை வந்திருக்கா? பொய்யிலேயே பொறந்து பொய்யிலேயே வளர்ந்த மனுஷன்" என்று பொரிந்து தள்ளிவிட்டு வெந்நீர் பிடிக்கப் போனாள். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவர் காதில் கடைசியாக விழுந்த வார்த்தை அதுதான். எட்டு மாதமாக அது அவள் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக் கிடக்கிறது. முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த மருத்துவமனை இருக்கும் தெருப் பக்கமே அவள் தலை வைத்துப் படுக்கவில்லை.

தண்ணீர் வடிய மூன்று நாள் ஆனது. நாலாம் நாள் காலையில் தையல் இயந்திரத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த அவருடைய கம்பியை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மேலே ஒன்றும் இல்லையென்றால் டைலுக்கு அடியில்தான் எதையாவது வைத்து மூடியிருக்க வேண்டும், தட்டினால் தெரிந்துவிடும்.

குளத்தைச் சுற்றி ஏற்கனவே கூட்டம். வெறும் குளத்தைப் பார்க்க இவ்வளவு பேரா என்று நினைத்தவள், விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள். எவ்வளவு பெரியது! இத்தனை வருஷம் பக்கத்துத் தெருவில் குடியிருந்தும் வெறும் தண்ணீரின் மேல்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறாள்; அதற்கு முன் வேலை நடந்தபோது பார்த்தது பாதி டைல் ஒட்டாத குழியைத்தான். அடியில் இப்படி ஒரு நீலச் சரிவு, ஒரு தெரு அகலத்துக்கு இறங்கிக்கொண்டே போகும் என்று யார் கண்டது? கோடு பிசகாமல், சதுரம் சதுரமாக, ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றையும் அந்த மனிதர் முட்டி போட்டு வைத்திருக்கிறார்.

உள்ளே மேஸ்திரி சுத்தியல் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். அடியில் ஓடும் குழாய் வெடித்துவிட்டதால் தரையைப் பெயர்த்தாக வேண்டுமாம்.

"மனசே வரலம்மா" என்றார் அவளை யாரென்று தெரிந்துகொண்டதும். "காலையில இருந்து தட்டுறேன். இந்தப் பக்கம் ஒரு பொக்கை இல்ல. இருபத்திரண்டு வருஷம் தண்ணிக்குள்ள கிடந்த தரை! நான் எங்கயும் பார்த்ததில்ல."

"ஆழமான பக்கம் தட்டிட்டீங்களா?"

"அங்கதான் முதல்ல உடைக்கணும். மெஷின் ரெடியா இருக்கு."

"தம்பி, எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க."

மேஸ்திரி அவள் பையிலிருந்து எடுத்த கம்பியைப் பார்த்தார். தொழில்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மெஷினை நிறுத்தச் சொன்னார்.

ஏணியில் இறங்கும்போதே அவளுக்கு மூச்சு முட்டியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனாலும் சரிவில் இறங்க இறங்க, சுவரில் 'ஆறு அடி', 'எட்டு அடி' என்று எழுத்துகள் தலைக்கு மேலே ஏறிக்கொண்டே போயின. மேலே நின்ற முகங்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. வானம் ஒரு பெரிய நீளப் பெட்டிக்கு மூடியாக இருந்தது. பயந்தாலும் பரவாயில்லை, அழகாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. அடிமட்டத்துக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றிப் பையோடு சேர்த்து ஓரமாக வைத்தாள். அவர் போட்ட தரையில் அவள் செருப்போடு நடந்ததே கிடையாது.

குனிந்து தட்ட ஆரம்பித்தாள். கணீர். கணீர். கணீர். வரிசை வரிசையாக. தண்ணீர் வெளியேறும் சல்லடையைச் சுற்றி எல்லாம் கணீர். இடுப்பு ஒடிந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. மேலே யாரோ, "ரீலுக்கு இவங்களும் பலியாகிட்டாங்க பாரு" என்றது வெறும் குளத்தில் தெளிவாகக் கேட்டது. முக்கால் மணி நேரத்தில் கடைசி மூலையையும் தட்டி முடித்தாள். கணீர்.

ஆக, புளுகுதான். அவள் சுவரில் சாய்ந்தாள். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஒரே ஒரு பொக்கை இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் அந்த மனிதருக்கு?

டீச்சர் மேலே இருந்து குரல் கொடுத்தாள். "அக்கா, செருப்பு வச்ச இடத்தைத் தட்டவே இல்லையே!"

தையல்காரம்மா திரும்பிப் பார்த்தாள். பையும் செருப்பும் ஒரு டைலின் மேல் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. நகர்த்தினாள். தட்டினாள்.

டொக்.

மறுபடி தட்டினாள். டொக். பக்கத்தில் கணீர். இதில் டொக். மேஸ்திரி ஓடிவந்து முட்டி போட்டார். உளியை ஓரத்தில் கொடுத்து மெதுவாக நெம்பினார். நாலு ஓரத்திலும் கலவை வைத்து, நடுவை மட்டும் வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தது. டைல் உடையாமல் ஒரு மூடியாகக் கழன்று வந்தது. ஒரு சொட்டு ஈரம் உள்ளே இறங்கியிருக்கவில்லை.

அடியில், இறுகிப்போன கலவையில், ஒரு கால் தடம் இருந்தது.

இடது கால். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அவள் தன் காலைப் பார்த்தாள். அதே சுண்டுவிரல், அதே சவாரி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வருவாள். புதுத் தரை அழுக்காகிவிடுமே என்று மரியாதையாகச் செருப்பைக் கழற்றுவாள். கழற்றிவிட்டு நேராக ஈரக் கலவையில் காலை வைப்பாள். இந்தக் குளத்தில் மட்டுமா? நூலகத்தில், மார்க்கெட்டில், பஸ் நிலையத்தில். ஒவ்வொரு தடவையும் அவர் கத்துவார்: "கட்டடத்துக்கு ஒண்ணுன்னு கணக்கு வச்சிருக்கியா? கண்ணு எங்க இருக்கு உனக்கு?" அவள் தூக்கை வைத்துவிட்டு அழுதுகொண்டே ஓடிவிடுவாள். அவர் கரண்டியால் தடவிச் சமன் செய்திருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பொக்கை விட்டால் கரண்டியைக் கீழே வைக்கிறேன் என்று ஊரெல்லாம் சவால் விட்ட மனிதர், அவள் காலை அழிக்க மனம் வராமல், மேலே மூடி போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார். வாயையாவது முழுசாக மூடினாரா!

அவள் தடத்துக்குள் காலை வைத்தாள். கொஞ்சம் இறுக்கம். வயதில் கால் வீங்கியிருக்கிறது. ஆனால் பொருந்தியது. பன்னிரண்டு அடி ஆழத்தில், இருபத்திரண்டு வருஷமாக, நீந்திய அத்தனை பேருக்கும் கீழே நின்றிருக்கிறாள். மேலே டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அம்மா, இதை அப்படியே சதுரமா அறுத்து எடுத்துத் தரேன். வீட்டுல வச்சுக்கங்க" என்றார் மேஸ்திரி.

அவள் யோசித்தாள். "வேணாம் தம்பி. உடைச்சுக்கங்க, குழாய் மாத்தணும்ல. பசங்க நீந்தணும். எனக்கு வேற இடத்துல இருக்கு."

வெளியே வந்து தெருவில் நடந்தபோது குடியிருப்பு அதே குடியிருப்பாக இல்லை. மார்க்கெட்டுக்குள் ஜனங்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கடைக்கு முன்னால் நிற்கிறோமோ! பஸ் நிலையத்தில் யாரோ பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். நூலகத்துக் கதவு திறந்து மூடியது. எல்லா இடத்திலும், எல்லார் காலுக்கும் அடியில், அவள். இவ்வளவு பெரிய இடத்தில் தனியாக இருக்கிறோம் என்று எட்டு மாதமாகப் புலம்பியதை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

கால்கள் தாமாக மருத்துவமனைத் தெருவில் திரும்பின.

நர்ஸம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. அந்த மூலைக் கட்டிலைப் பார்க்கணும்."

"காலியாத்தான் இருக்கு. அங்க யாரு படுப்பா? உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் கேட்டு வாங்கிப் படுத்தாரு."

கை கழுவும் தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா செருப்பைக் கழற்றி, இந்த முறை ஞாபகமாகக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். அன்று தலையணையைச் சரிசெய்தபோது நின்ற இடத்துக்குப் போய்க் கம்பியால் தட்டினாள்.

டொக்.

நர்ஸம்மா திடுக்கிட்டாள். "அய்யோ, டைல் தூக்கிடுச்சா? ஆளை வரச்சொல்லி மாத்திடறேன்."

"மாத்தாதீங்க" என்றாள் தையல்காரம்மா. அந்த டைலின் மேல் ஏறி நின்றுகொண்டு காலிக் கட்டிலைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள் அதனிடம். "இங்கயும் நான்தான் நிக்கிறேன்."