என் மேசை வழியே ஒரு பைபாஸ்

எங்கள் வீட்டு முன்னறையில் பாதி எனக்கு, பாதி என் வீட்டுக்காரருக்கு. என் பாதியில் தையல் மிஷினும் துணி வெட்டும் மேசையும். அவர் பாதியில் மேசையை ஒட்டி ஒரு பெரிய பலகை. அதன்மேல் தண்டவாளம், ஸ்டேஷன், சோப்பு டப்பா அளவில் வீடுகள், சாண் நீள ரயில் பெட்டிகள். காலமெல்லாம் சாலைத் துறையில் இடம் அளந்து வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். இப்போது யாரும் கேட்காமலேயே ஓர் ஊரைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ரயிலோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. அவருடைய மாதிரி ரயில் சங்கத் தலைவர் ஒருநாள் வந்தார். ரயிலில் கார்டாக இருந்தவர்; எல்லோருக்கும் அவர் 'கார்டு'தான். பலகையை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ரயில் ஜோர். ரோடுதான் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. நம்பும்படியா இல்லையே!"

அவ்வளவுதான், என்னவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரோடு போட்டே தலை நரைத்த மனுஷனிடம் போய் ரோடு சரியில்லை என்றால்? எல்லாவற்றையும் பெயர்த்தார். உப்புத்தாளை ஒட்டிச் சாம்பல் நிறம் அடித்தார். கறுப்பு புது ரோட்டுக்குத்தானாம். பஸ் நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை வைத்தார். குழிகளைக்கூடப் பார்த்துப் பார்த்துத் தோண்டினார். வேலையில் இருந்தபோது குழியை மூட இந்தச் சிரத்தையைக் காட்டியிருந்தால் ஊரே கும்பிட்டிருக்கும்.

பிறகு ஒருநாள் டேப்போடு என் பக்கம் வந்தார்.

"ரயில்வே கேட் மூடினா ரோட்டுல வண்டியெல்லாம் தேங்கிடுது. ஊருக்கு ஒரு பைபாஸ் வேணும்."

"போடுங்க. யாரு வேணாம்னா?"

"தண்டவாளத்துக்கு மேல பாலம் போகணும். சரிவு மெதுவா இருந்தாத்தான் லாரி ஏறும். அதுக்கு நீளம் வேணும்."

டேப்பின் நுனி என் மேசைக்கு நடுவே வந்து நின்றது.

"அந்த லாரியில இன்ஜினே இல்லையேங்க!"

"பொது நன்மைக்குத்தானே கேக்கறேன்."

"பொதுன்னா யாரு? வீட்டுல இருக்கறதே நாம ரெண்டு பேரு."

மாற்று இடம் தருவதாகச் சொன்னார். எங்கே என்றேன். குளியலறை வாசல் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த மேசை ஒன்றுதான். துணியை விரித்துக் கத்தரியைக் கையில் எடுத்தால்தான் நான் யாருடைய மனைவியும் அம்மாவும் இல்லாமல் நானாக இருக்கிறேன். டேப்போடு இவர் எத்தனை வீட்டு வாசலில் நின்றாரோ, எத்தனை பேர் வாயடைத்துப் போனார்களோ! நான் அந்த ரகமில்லை. பள்ளிச் சீருடைத் துணி முழுவதையும் மேசைமேல் விரித்து, மேலே இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டேன்.

சில நாள் டேப்பும் கையுமாகப் பலகையைச் சுற்றினார். கடைசியில் பைபாஸை என் மேசை விளிம்புவரை கொண்டுவந்து, இருந்த கோபத்தையெல்லாம் காட்டி வெடுக்கென்று வளைத்துச் சுவரோரமாக இறக்கினார்.

"ரோடே நாசம். கார்டு சிரிக்கப்போறார்."

முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக மேசையைத் தர முடியுமா?

கார்டு மறுபடி வந்தார். ரோட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் அந்த வளைவில் நின்றார். என்னவர் கூரையைப் பார்த்தார்.

"அடடா! இங்க யாரோ இடம் தரமாட்டேன்னு உக்காந்துட்டாங்க போலிருக்கே! இதுதான்யா ரோடு!"

என்னவர் கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். "அந்தப் புண்ணியவதி இவதான்" என்று என்னைக் காட்டினார். கார்டு எனக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுக் குனிந்து தேடினார்.

"சரி, இடம் தராதவங்க வீடு எங்க?"

வீடு ஏது? வளைவைத் தாண்டினால் என் மேசைதான்.

மறுநாள் சீருடைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வளைவின் மடிப்பில் ஒரு சின்ன வீடு முளைத்திருந்தது. வாசலில் இடுப்பில் கைவைத்தபடி ஒரு பெண். சுற்றுச்சுவரோடு சேர்த்து என் மேசையில் நாலு விரல் இடத்தை விழுங்கியிருந்தது. ரோட்டால் பிடிக்க முடியாததை மனுஷன் வீட்டால் பிடித்துவிட்டார்! கத்தலாம் என்று குனிந்தேன். ஜன்னல் வழியே உள்ளே, பயறு அளவில் ஒரு தையல் மிஷின் தெரிந்தது. இன்னும் கிட்டே குனிந்தேன்.

அவர் பின்னால் வந்து நின்றார். "கொஞ்சம் உள்ள வந்துடுச்சு. இடைஞ்சலா இருந்தா எடுத்துடறேன்."

"என் வீட்டை இடிக்க நீங்க யாரு?" என்றேன்.