பழைய டேப்லெட்டுக்கு ஒரு வரி

ஆஸ்பத்திரியின் இணையப் பக்கங்களை எழுதுகிறவள் அவள்தான். போன வாரம்தான் மூட்டையாகக் கிடந்த நிரலைச் மாட்யூல் என்கிற சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, புதிய முறைக்கு மாற்றிவிட்டுப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்தாள். பலன் கைமேல் கிடைத்தது.

அவளுடைய அண்ணி பிரசவமாகி அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை கீழே கண்ணாடிப் பெட்டியில். பெட்டிக்கு மேலிருக்கும் கேமராவின் படம், வெளியாள் பார்த்துவிடக் கூடாதென்று, தாயின் கட்டிலோடு பொருத்திய டேப்லெட்டில் மட்டும்தான் வரும். அந்த டேப்லெட்டில்தான் இப்போது அவள் எழுதிய பக்கம் வெள்ளைவெளேரென்று நின்றது.

"என் கம்ப்யூட்டர்ல ஜோரா வருதே!"

"கட்டில்ல உன் கம்ப்யூட்டரா இருக்கு?" என்று எரிந்து விழுந்தான் அண்ணன். "அவ இன்னும் பிள்ளை முகத்தையே பாக்கல. பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு, நாமதான் மறைக்கிறோம்னு அழறா."

அவள் டேப்லெட்டின் விவரத்தைத் தேடிப் பார்த்தாள். டேப்லெட்டில் இருந்த பிரௌசர் அரதப்பழசு. மாட்யூல் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. பிரித்ததையெல்லாம் மறுபடி ஒன்றாகக் கட்டி, பழைய பாணியில் ஒரே கோப்பாக்கினாள். அதை அழைக்க அந்த இணையப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து, அந்த வரியில் ‘நோமாட்யூல்’ என்று குறித்தாள்.

அவ்வளவுதான் வேலை. புதிய பிரௌசர் அந்தச் சொல்லைப் பார்த்ததும், இது எனக்கில்லை என்று ஒதுங்கிக்கொள்ளும். பழசோ, மாட்யூல்களை அழைக்கும் வரி புரியாமல் அதைத் தாண்டிப் போகும். நோமாட்யூலும் அதற்குப் புரியாது, ஏதோ ஒரு சொல் என்று விட்டுவிட்டு அந்தக் கோப்பை ஓட்டிவிடும். புரியாததுதான் அதைக் காப்பாற்றுகிறது! எத்தனையோ முறை பார்த்த வரிதான், இன்றைக்குத்தான் மலைத்துப் போனாள். முகம் தெரியாத யாரோ எங்கேயோ உட்கார்ந்து, புதிதைக் கட்டும்போதே, இனி மாறவே முடியாத பழைய கருவிகளையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். தனக்கு அந்த நினைப்பு வரவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

மாடிக்கு ஓடிப்போய்ப் பக்கத்தை மறுபடி திறந்தாள். வெள்ளை மறைந்தது. சிவந்த, உள்ளங்கையளவு முகம் ஒன்று வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது.

"அண்ணி, பாருங்க. நல்லாத்தான் இருக்கா."

அண்ணி அழவில்லை, சிரிக்கவும் இல்லை. திரைக்கு அருகே விரலைக் கொண்டுபோய், தொடப் பயந்து நிறுத்திக்கொண்டாள்.

"இவளா, இத்தனை நாளா எனக்குள்ள இருந்தா?" என்றாள்.