இருமடங்கு உறுதி, அன்பரே

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் செய்த ஒரு தப்பிலிருந்து வந்தது. கற்பனைக்கு இதில் பெரிய பங்கில்லை. (இந்த வாக்கியமே பொய்யாகிவிடலாம். போகப் போகப் பார்ப்போம்.)

மாடம்பாக்கம் பக்கம் ஒரு சபையில் நான் அங்கத்தினன், கமிட்டி மூப்பர்களில் ஒருவனும். சபையின் மாத இதழுக்கு ஆசிரியரும் நானே. எட்டுப் பக்கம் வரும். போதகர் ஜெபசீலன் ஐயாவின் கடிதம், பிறந்தநாள் வாழ்த்து, திருமண அறிவிப்பு, கடைசியில் ஏதாவது விழிப்புணர்வுக் கட்டுரை. போன நவம்பரில் அந்தக் கடைசிப் பக்கத்தில் அரைப்பக்கத்துக்கு ஒன்று எழுதினேன். எங்கள் சபையின் வீடியோ சேனலை யாரோ திருடி, 'எங்களுக்குக் கிரிப்டோ நாணயம் அனுப்புங்கள், இரண்டு மடங்காகத் திருப்பித் தருகிறோம்' என்று நேரலை ஓட்டினார்கள், அதைப் பற்றி. 'ஒரு சகோதரி' அதை நம்பி நாற்பதாயிரம் ரூபாயைத் தொலைத்ததைப் பற்றி.

பெயர் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. நூற்றிருபது குடும்பம் உள்ள இடத்தில், ஒரு சகோதரி என்றால் எந்தச் சகோதரி என்பது மதியச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

கடைசி வரி இப்படி: "உழைக்காமல் வரும் இரட்டிப்பை விரும்பியதற்கு இதுவே விலை." அந்த வரி அன்று எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு பேர் போன் போட்டுப் பாராட்டினார்கள்.

அந்தச் சகோதரிக்கு இங்கே கிருபா என்று பெயர் வைக்கிறேன்.

2

தொடக்கங்களைக் காட்டிவிடுகிறேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

"கிருபாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பணத்தாசை உண்டு." [அடித்துவிட்டேன். அவளுடைய சின்ன வயது எனக்குத் தெரியவே தெரியாது.]

"கணவன் போன பிறகு கடன் கழுத்தை நெரிக்க, கிருபா ஒரு குறுக்குவழியைத் தேடி" [பாதியில் விட்டேன். கடன் இருந்ததா என்று நான் கேட்டதில்லை. ஏமாந்தவள் கஷ்டப்பட்டவளாக இருந்தால் வாசகர் மன்னித்துவிடுவார் என்று நானே அவளுக்கு ஒரு கடனை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.]

"ஞாயிற்றுக்கிழமை காலை, மருந்துக்கடையின் பில் போடும் இடத்தில் கிருபா உட்கார்ந்திருந்தாள்." இது நிற்கும். அது எனக்குத் தெரியும். என் பிரஷர் மாத்திரையை மாதாமாதம் எடுத்துக் கொடுப்பவளே அவள்தான்.

இதற்கு மேல் ஒரு வரியும் ஓடவில்லை. சரி, ஆளையே கேட்டுவிடலாம் என்று பிப்ரவரியில் ஒரு மத்தியானம் கடைக்குப் போனேன். இதையும் சொல்லிவிட வேண்டும்: நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. கதைக்குத் தகவல் திரட்டப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

3

இனி வருவது கிருபா சொன்னது. நான் நிரப்பிய இடங்களை அடைப்புக்குள் போட்டிருக்கிறேன்.

அவளுக்கு ஞாயிறு காலை எட்டிலிருந்து இரண்டு வரை வேலை. ஆராதனை ஒன்பதுக்கு. மூன்று வருடமாக அவள் சபைக்கு வந்தது பெரும்பாலும் போன் வழியாகத்தான். இருமல் மருந்துப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். கடைக்காரர் ஷ்யாம்சுந்தர் நல்ல மனிதர். "பாத்துக்கோம்மா, சத்தம் மட்டும் வெக்காத, கஸ்டமருக்கு டிஸ்டர்ப் ஆகும்" என்பார். ஆகவே பாட்டும் பிரசங்கமும் அவளுக்கு ஊமைப்படம்தான். யார் எழுந்து நிற்கிறார்கள், யார் உட்காருகிறார்கள் என்பதை வைத்தே ஆராதனை எந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வாள்.

காணிக்கை நேரத்தில் திரையின் வலது மூலையில் சபையின் க்யூஆர் கோடு வரும். அதே போனில் அதை ஸ்கேன் செய்ய முடியாது. அதனால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, அதிலிருந்து பணம் அனுப்புவாள். மகள் சினேகா சொல்லிக் கொடுத்தது. மூன்று வருடமாக வாராவாரம் இப்படித்தான்.

பணம் போன ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஆராதனைக்குச் சேனல் தொடங்கியதும் போன் வழக்கம்போல ஒரு மணியடித்தது, கிருபா திறந்தாள். பெரிய மேடை. கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர் கையை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார். வலது மூலையில் க்யூஆர் கோடு. [அவள் முகத்தில் அப்போது ஒரு சந்தோஷம் வந்திருக்கும்.] பண்டிகைக்கு வெளிநாட்டிலிருந்து ஊழியர் ஒருவர் பேசுவார் என்று போதகர் முந்தின வாரமே எல்லோர் போனுக்கும் செய்தி அனுப்பியிருந்தார். இவர்தான் அவர் என்று நினைத்தாள். மருந்துப் பெயர் படிக்கிற அளவுக்கு அவளுக்கு இங்கிலீஷ் வரும். கீழே ஓடிய எழுத்தில் 'டபுள்' என்ற சொல் மட்டும் கண்ணில் பட்டது.

இந்த இடத்தை நான் அவளைக் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன். நீங்களும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன்பு சபைக்கு மதில் கட்டினோம். கனடாவில் இருக்கும் நலம் விரும்பி ஒருவர், சபையார் எவ்வளவு சேர்க்கிறார்களோ அதே அளவு தானும் போடுவதாகச் சொன்னார். போட்டார். நாம் ஒரு ரூபாய் கொடுத்தால் சபைக்கு இரண்டு ரூபாய். அந்தக் கணக்கைப் பீடத்தில் நின்று படித்தவனும் நான்தான். இப்போது மண்டபத்துக் கூரை ஒழுகுகிறது, அதற்கு நிதி திரட்டுகிறோம்.

"நான் வேற எப்படிண்ணா நினைப்பேன்?" என்றாள் கிருபா. "மதிலுக்கு டபுள் பண்ணாங்க. இப்ப கூரைக்குப் பண்றாங்கன்னு நினைச்சேன். நாப்பது போட்டா சபைக்கு எண்பது."

நாற்பதாயிரமும் சினேகாவின் ஆபரேஷனுக்கு முந்தின இரவு அவள் பண்ணிய பொருத்தனை. பிள்ளை பிழைத்து வந்தால் ஆலயக் கட்டடத்துக்கு இவ்வளவு என்று நேர்ந்துகொண்டது. பிள்ளை பிழைத்தாள். சம்பளத்திலிருந்து மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று எடுத்து வைத்து, செப்டம்பரில்தான் முழுத்தொகையும் சேர்ந்திருந்தது. அந்தப் பணத்தைத் தன் பணம் என்று அவள் நினைத்ததே இல்லை.

நடுவில் ஆட்டோ ரத்தினம் வந்து நின்றான்.

"மேடம், சர்க்கர மாத்திர ரெண்டு அட்ட குடு. இன்னா மேடம், போனையே பாத்துகினு கீற?"

"சர்ச்சுண்ணா, இருங்க" என்று மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். சில்லறையும் கொடுத்தாள். பிறகு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாள்.

வழக்கமான பணம் அனுப்பும் பக்கம் வரவில்லை. வேறொரு பக்கம் திறந்து, பேச ஒரு கட்டம் வந்தது. தமிழில் தட்டினாள்: "இது சபை கட்டடத்துக்குத்தானே?" பதில் தமிழிலேயே வந்தது: "ஆம் அன்பரே. இருமடங்கு உறுதி. இன்று மட்டும்." நாணயமாக மாற்ற உதவுவார் என்று ஒரு பிரதிநிதியின் எண்ணும் வந்தது. வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பும் பணம், மாற்றித்தான் அனுப்புவார்கள் என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். இன்னொரு முறை கேட்டாள்: "சபைக்கு நேரா போயிடுமா?" அதற்கும் அதே ஆம், அதே அன்பரே.

அனுப்பினாள். கண்ணை மூடி, "ஆண்டவரே, என் பொருத்தனைய முடிச்சிட்டேன்" என்றாள். [இதை நான் நிரப்பவில்லை. இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. என்னால்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.]

4

சேனல் போனது எப்படி என்று கேட்பீர்கள். அதைக் கவனித்துக்கொள்பவன் காலேப். ஐ.டி.யில் வேலை, நல்ல பிள்ளை. புது மைக் இலவசமாகத் தருகிறோம், இந்தப் படிவத்தைத் திறந்து பாருங்கள் என்று ஒரு மெயில் வந்தது, திறந்துவிட்டான். அவ்வளவுதான். கடவுச்சொல் கேட்காமலே உள்ளே புகுந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு காலேப் சபை முன்னால் வந்து அழுதான். மூப்பர்கள் எல்லாரும் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தோம். என் கையும் இருந்தது.

நாற்பதாயிரம் போன செய்தி எங்கள் காதுக்கு வந்ததும், கிருபாவைக் கமிட்டி அறைக்கு அழைத்து, உள்ளதில் திருப்தியாக இருப்பதைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம். இலவச மைக்குக்கு ஆசைப்பட்டதற்கு ஜெபம்; கூரைக்குக் கொடுத்ததற்கு உபதேசம். அப்போது எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

"கூரைக்குத்தான்னு அன்னிக்கே ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்லத்தான் வந்தேன். நீங்கள்லாம் ஆசை, ஆசைன்னு பேசிட்டே இருந்தீங்க. சரி, பாஸ்டர்ட்ட தனியா சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உங்க பத்திரிகை வந்துடுச்சு. அச்சுல வந்தப்புறம் நான் வாயத் திறந்தா, சாக்கு சொல்றான்னுதானேண்ணா நினைப்பாங்க?"

நவம்பருக்குப் பிறகு அவள் சபைக்கு வருவதில்லை. போனிலும் பார்ப்பதில்லை. ஞாயிறுகளில் இருமல் மருந்துப் பெட்டிமேல் இப்போது ஒன்றும் சாய்ந்திருப்பதில்லை. அவள் கடைசியாக வந்த அன்று ஒரு பெண் தன் பிள்ளையிடம், "அந்த ஆன்ட்டிதான், டபுள் ஆன்ட்டி" என்று சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

(அந்தப் பெயர் என் கட்டுரையின் கடைசி வரியிலிருந்து வந்தது. வேறு எங்கிருந்தும் வந்திருக்க வழியில்லை.)

5

இந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். விட்டால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன்.

அவள் சொல்லி முடித்ததும் எனக்குள் இருக்கும் எழுத்தாளன் சந்தேகப்பட்டான். இவ்வளவு நல்ல பாத்திரமா, வாசகர் நம்புவாரா, கொஞ்சமாவது ஆசை கலந்தால்தானே மனுஷி போல இருக்கும் என்றெல்லாம் யோசித்தான். நான் கேட்டேவிட்டேன்: "அந்தச் சாட் இருக்கா? பாக்கலாமா?"

அவள் போனைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒரு கஸ்டமருக்கு ஓஆர்எஸ் பாக்கெட் எடுக்கப் போனாள். படித்தேன். அவள் கேட்ட இரண்டு கேள்வியிலும் 'சபை' என்ற சொல் இருந்தது. 'எனக்கு' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. இரண்டு முறை படித்தேன், இருந்துவிடாதா என்ற நப்பாசையில்.

அவள் திரும்பி வந்தபோது சொன்னேன்: "கிருபா, நான் எழுதினது தப்பு. இப்ப இதைச் சரியா எழுதப்போறேன். ஒரு கதையா. பெரிய பத்திரிகைல வரும்."

"கதையா?"

"ஆமா. பேரெல்லாம் மாத்திடுவேன். யாருக்கும் தெரியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததாக எழுத ஆசை. இல்லை. விலை தெரியாமல் மருந்து கேட்பவரிடம் பேசும் அதே பொறுமைதான்.

"நான் ஆசைக்காரின்னு எழுதினப்ப அது உண்மைச் சம்பவம்னு போட்டீங்க. நான் அப்படி இல்லைன்னு எழுதறதுக்கு மட்டும் கதைன்னு போடுவீங்களாண்ணா?"

மாத்திரைக்குப் பில் போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

6

முடிவுகள்.

(அ) சைபர் கிரைமில் சினேகா பதிந்த புகாரில் பணம் முழுதும் திரும்ப வருகிறது. கிருபா அதைக் கூரை நிதியில் போடுகிறாள். [எழுதிப் பார்த்தேன். எல்லோருக்கும் நிம்மதி தரும் முடிவு, குறிப்பாக எனக்கு. பணம் வரவில்லை. அவள் முதலிலிருந்து மறுபடி சேர்க்கத் தொடங்கியிருக்கிறாள். பொருத்தனை இன்னும் நிறைவேறவில்லை என்பது அவள் கணக்கு.]

(ஆ) பண்டிகை ஆராதனையில் போதகர் அவள் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார், சபை எழுந்து நிற்கிறது, [போதகரிடம் கேட்டேன். "ஆறிப்போன விஷயம்ணே. இப்ப கிளறினா காலேப் உடைஞ்சிடுவான். சேனலை நாமதான் கோட்டை விட்டோம்னு நாமளே அச்சடிச்ச மாதிரியும் ஆயிடும்" என்றார். கெட்டவர் இல்லை. ஒரு சின்ன ஆள் மேல் விழுந்துவிட்ட பழி அப்படியே இருந்தால் மற்ற எல்லாருக்கும் வசதி என்பது அவருக்கும் தெரியாது, போன மாதம்வரை எனக்கும் தெரியாது.]

(இ) கிருபா என்னை மன்னித்து [இல்லை. அதை எழுத எனக்கு உரிமையில்லை.]

ஆக, முடிவு இந்தக் கதையில் இல்லை. எங்கள் மாத இதழில் பெயர் போடாமலே அவளை எல்லோருக்கும் தெரிந்தது. இங்கே பெயர் போட்டும் உங்களில் ஒருவருக்கும் தெரியாது. எத்தனை பக்கம் எழுதினாலும், 'டபுள் ஆன்ட்டி' என்று சொன்ன பெண் இதைப் படிக்கப்போவதில்லை.

இதழ் அச்சுக்குப் போக இரண்டு நாள் இருக்கிறது. கமிட்டியைக் கேட்காமல் பக்கத்தை மாற்றினால் ஆசிரியர் பொறுப்பு போகும், போகட்டும். அவருடைய நிஜப் பெயரைப் போட்டு, நான் எழுதியது பொய், அவர் கொடுத்தது நமக்காக என்று நாலு வரி தட்டி வைத்திருக்கிறேன். (கவனித்தீர்களா? அதில் 'அவள்' இல்லை, 'அவர்'.)

அதை அச்சுக்கு அனுப்பினேனா இல்லையா என்று இங்கே சொல்லமாட்டேன். அனுப்பினேன் என்று எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். நவம்பரில் நூற்றிருபது குடும்பமும் அப்படித்தான், ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்காமல், என்னை நம்பியது.